குளிரில் திரளும் புரதம்: ஒரு நோயும் நம் ஔடத தானமும்

(ஓசூரில் நடைபெற்ற மகாவீரர் பிறப்பு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"அகிம்சையும் உடல்நலமும்" என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அப்பொருளைப் பொதுப்படப் பேசுவதைவிட, ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தரும் என்று எண்ணினேன். அந்நோயின் பெயர் கலப்புக் கிரையோகுளோபுலினீமியா. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. இது அரிதாகக் காணப்படும் நோய்தான். ஆயினும் இதை ஈண்டு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையை இந்நோய் தகர்க்கிறது. "நாம் மது அருந்துவதில்லை, புலால் உண்பதில்லை, கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை, ஆதலின் கல்லீரலைப் பற்றும் நோய் நம் வீட்டு வாயிலை மிதியாது" என்பதே அந்நம்பிக்கை. அது முழு உண்மையன்று. அதை நம்பியிருந்த ஒரு தாயின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தாயின் கதை

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். அம்மையார் நோன்புகளை வழுவாது நோற்பவர். நீரை வடிகட்டியே பருகுபவர். அவருடைய இரு முழங்கால்களுக்குக் கீழே சிவந்த புள்ளிகள் தோன்றின. நெடுநேரம் நின்று வேலை செய்த நாள்களில் அவை மிகுந்தன. சில நாளில் பழுப்பு நிறத் தழும்பாக மாறி மங்கின. பின் புதியவை தோன்றின. முதலில் அவற்றைக் கொசுக்கடி என்றார்கள். பிறகு தோல் ஒவ்வாமை என்றார்கள். அவ்வாறு சொன்னவர்களுள் நானும் ஒருவன். களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து மூட்டுகளில் வலி வந்தது. இரத்தப் பரிசோதனையில் "ருமட்டாய்டு காரணி" இருப்பதாக முடிவு வந்தது. உடனே அதை முடக்குவாதம் என்று முடிவு கட்டி, அதற்குரிய மாத்திரைகளைத் தொடங்கினார்கள். பின்னர்ப் பாதங்களில் எரிச்சல் ஏற்பட்டது. சைவ உணவினர் ஆதலால் வைட்டமின் பி12 குறைவு என்றார்கள். அதுவும் ஓரளவு உண்மையாகவே இருந்தது. இப்படி ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு பெயர் கிடைத்தது. குறிகள் அனைத்தையும் ஒரே சரட்டில் கோத்துப் பார்ப்பார் இல்லை. இவ்வாறே மூன்று ஆண்டுகள் கழிந்தன.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் சிறுநீர் நுரைத்தது, கால்கள் வீங்கின, இரத்த அழுத்தம் ஏறியது. அப்போதுதான் ஒருவர் பழைய செய்தி ஒன்றைக் கேட்டார்: "அம்மா, உங்களுக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" 1990-களின் தொடக்கத்தில், மகப்பேற்றின்போது மிகுதியாக இரத்தம் போனதால், இரண்டு பாட்டில் ஏற்றியதாக அவர் சொன்னார். அந்த விடையில்தான் நோயின் வேர் இருந்தது.

இந்நோய் யாது?

நம் ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள்; உறைந்து வெண்ணிறமாக நிற்கும். சிறிது வெயிலில் வைத்தால் மீண்டும் தெளிந்த எண்ணெயாகும். சிலருடைய இரத்தத்தில் இத்தகைய இயல்புடைய புரதங்கள் உண்டு. உடலின் வெப்பமான 37 டிகிரி செல்சியசில் அவை கரைந்திருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் திரளும். மீண்டும் சூடாக்கினால் கரையும். இவையே கிரையோகுளோபுலின்கள். கிரேக்க மொழியில் குளிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

1933-ஆம் ஆண்டில் வின்ட்ரோப், பியூவல் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், எலும்பு மச்சைப் புற்று நோயாளி ஒருவரின் இரத்தத்தில் இந்நிகழ்வைக் கண்டார்கள். 1947-இல் லெர்னர், வாட்சன் இருவரும் இதற்குப் பெயரிட்டார்கள். 1966-இல் மெல்ட்சர், பிராங்கிளின் என்போர் தோலில் சிவந்த புள்ளிகள், மூட்டுவலி, சோர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை எடுத்துக்காட்டினார்கள். 1974-இல் புரூயே என்பவரும் அவர்தம் குழுவினரும் இப்புரதங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் ஒரே உயிரணுக் குலத்திலிருந்து வந்த எதிர்ப்புரதம் மட்டும் இருக்கும். அது பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய்களோடு தொடர்புடையது. இரண்டாம், மூன்றாம் வகைகளில் இருவேறு எதிர்ப்புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கலந்திருக்கும். ஆதலின் இவ்விரண்டையும் "கலப்பு" என்கிறோம்.

இவ்வளவும் அறிந்த பின்னும், இப்புரதங்கள் ஏன் தோன்றுகின்றன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1989-இல் ஹெபடைடிஸ் சி என்னும் வைரசு கண்டறியப்பட்ட பிறகே திரை விலகியது. கலப்பு வகை நோயாளிகளைச் சோதித்தபோது, பத்தில் எட்டு ஒன்பது பேரிடம் அவ்வைரசு இருப்பது தெரியவந்தது. அவ்வைரசைக் கண்டறிந்த பணிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காரணம் எவ்வாறு காரியமாகிறது?

ஹெபடைடிஸ் சி வைரசு கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்க எதிர்ப்புரதங்களை ஆக்குகிறது. பகைவன் ஒழிந்தால் படை கலையும். ஒழியாது ஆண்டுக்கணக்கில் நின்றால், படை ஓய்வின்றிப் பெருகும். அப்படிப் பெருகும் எதிர்ப்புரதங்களுள் ஒருசாரார் நெறி பிறழ்ந்து, தம்மவராகிய வேறு எதிர்ப்புரதங்களையே பற்றிக்கொள்கின்றன. அந்தத் திரள்கள் சிறு இரத்தக் குழாய்களின் சுவரில் படிகின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது, சுவர் கசிகிறது, தோலின்கீழ் இரத்தம் ஊறிச் சிவந்த புள்ளியாகிறது. நரம்புக்கு உணவூட்டும் குழாயில் படிந்தால் எரிச்சலும் மரப்பும் வரும். சிறுநீரகத்தின் வடிகட்டியில் படிந்தால் புரதமும் இரத்தமும் சிறுநீரில் கசியும்.

தம்மவரையே பற்றும் அந்த எதிர்ப்புரதமே, பரிசோதனையில் "ருமட்டாய்டு காரணி" என்று தோன்றுகிறது. ஆகவே அக்காரணி இருப்பதாலேயே முடக்குவாதம் என்று முடிவு செய்தல் கூடாது. அந்த அம்மையார் விஷயத்தில் நேர்ந்த பிழை இதுவே.

இந்த வைரசு உடலில் உள்ளோர் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில் இப்புரதம் காணப்படலாம். அவர்களுள் சிறுபான்மையினரே நோய்க்குறிகளை அடைகின்றனர். வேறு காரணங்களும் உண்டு: ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. தொற்றுகள், கண்ணும் வாயும் உலரும் ஷோக்ரன் நோய், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், நிணநீர்ப் புற்று. சிலரிடம் எக்காரணமும் புலப்படுவதில்லை.

குறிகளை அறிதல்

வீட்டிலேயே கவனிக்கத்தக்க குறிகள் சில. முதலாவது, கணுக்காலுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் தோன்றும் சிவந்த புள்ளிகள். விரலால் தடவினால் சற்றே மேடாகத் தட்டுப்படும். கண்ணாடித் தம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். ஒவ்வாமைத் தடிப்பின் சிவப்பு பெரும்பாலும் மறையும், இப்புள்ளியின் சிவப்பு மறையாது. இரத்தம் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டதே காரணம். புவியீர்ப்பினால் காலில் மிகுதியாக இறங்குவதால், தொழிற்சாலை வரிசையில் எட்டு மணி நேரம் நிற்போரிடம் மாலையில் இவை மிகும்.

இரண்டாவது, மூட்டுவலியும் காரணமற்ற சோர்வும். மூன்றாவது, பாதங்களில் எரிச்சல், மரப்பு, ஊசி குத்தும் உணர்வு. நம்மில் இதற்குப் பொதுவான காரணங்கள் நீரிழிவும் பி12 குறைவும். ஆயினும் அவற்றைச் சரிசெய்த பின்னும் எரிச்சல் நீங்காவிட்டால் மேலும் தேட வேண்டும். நான்காவது, குளிர்ந்த நீரில் கைவைத்ததும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பின் சிவத்தல். ரோசா மலர்களைக் காக்கும் குளிர் அறைகளிலும் காய்கறிக் குளிர்பதனக் கிடங்குகளிலும் பணிபுரிவோர் இதை "குளிரால் வருவது" என்று தள்ளிவிடக் கூடும். ஐந்தாவது, கணுக்காலருகே ஆறாத புண். ஆறாவதும் மிக அஞ்சத்தக்கதும், சிறுநீரில் நுரை, முகத்திலும் காலிலும் வீக்கம், ஏறிய இரத்த அழுத்தம்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். நோயின் பெயரில் குளிர் இருப்பதால், கம்பளியும் கையுறையும் போதும் என்று எண்ணிவிடலாகாது. கலப்பு வகையில் அத்திரள்கள் வெதுவெதுப்பான உடலுக்குள்ளும் குழாய்ச் சுவரில் படிகின்றன. குளிரைத் தவிர்ப்பது துணை; அது மருந்தாகாது.

இரத்தம் பயணம் செய்யலாகாது

இனி, நம் ஊருக்கே உரிய ஓர் இடர். ஓசூரில் எடுக்கும் இரத்தத்தில் அரிய சோதனைகளுக்கு உரியதைப் பனிக்கட்டிப் பொதியுடன் பெட்டியில் வைத்து, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்கு அனுப்புவது வழக்கம். பெரும்பாலான சோதனைகளுக்கு அது முறையே. இந்த ஒரு சோதனைக்கு மட்டும் அது முற்றிலும் பிழை.

ஏனெனில் இரத்தம் வழியில் குளிர்ந்தால், நாம் தேடும் புரதம் அப்போதே திரண்டு, உறைந்த இரத்தக் கட்டியோடு சேர்ந்து கீழே போய்விடும். ஆய்வகத்தார் மேலே தெளிந்து நிற்கும் நீரைச் சோதித்து, "இல்லை" என்று எழுதுவார்கள். எண்ணெய் உறைந்த புட்டியைச் சாய்த்துப் பார்த்து, ஒரு சொட்டும் விழவில்லையே, புட்டி வெறுமை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். அம்மையாருக்கு முதல் முறை நேர்ந்தது இதுவே. "இல்லை" என்னும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேலும் பல மாதங்கள் துன்புற்றார்.

சரியான முறை இது: முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கிய குழாயில் இரத்தத்தை எடுக்க வேண்டும், அதே வெப்பத்தில் உறையவிட வேண்டும், அதே வெப்பத்தில் சுழற்றித் தெளிநீரைப் பிரிக்க வேண்டும். பின்னர்த் தெளிநீரை 4 டிகிரிக் குளிரில் ஏழு நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். வெண்படிவு தோன்றி, மீண்டும் சூடாக்கினால் கரைந்தால், அதுவே நாம் தேடும் புரதம். ஆகவே இச்சோதனை வேண்டுமாயின், இரத்தத்தை அனுப்பாதீர்கள். நோயாளியை அச்சோதனை நடக்கும் ஆய்வகம் உள்ள பெரிய மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லுங்கள். "சூடான குழாயில் எடுப்பீர்களா?" என்று முன்னதாகத் தொலைபேசியில் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தெரியாத இடத்தில் இச்சோதனையைச் செய்துகொள்ளாதிருப்பதே நலம்.

இதனோடு சி4 என்னும் புரதத்தின் அளவும் பார்க்கப்படும். இந்நோயில் அது பெரிதும் தாழ்ந்திருக்கும். சிறுநீர்ச் சோதனை, கிரியாட்டினின், கல்லீரல் சோதனைகள் ஆகியவையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெபடைடிஸ் சி சோதனையைச் செய்தே ஆக வேண்டும். அதில் இரு படிகள் உண்டு. முதற்படியில் வைரசுக்கு எதிரான புரதம் உள்ளதா என்று பார்ப்பர். அது இருந்தால், எப்போதோ தொற்று வந்தது என்பது மட்டுமே பொருள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது தானே நீங்கியிருக்கும். ஆகவே இரண்டாம் படியாக, வைரசின் ஆர்.என்.ஏ. இப்போதும் இரத்தத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மருந்து

வேர் ஹெபடைடிஸ் சி ஆயின், மருத்துவம் வேரிலிருந்தே தொடங்குகிறது. முன்னாளில் இன்டர்பெரான் ஊசியை ஆறு மாதமோ ஓராண்டோ போட்டுக்கொள்ள வேண்டும், காய்ச்சல், சோர்வு, மனத்தளர்ச்சி எனப் பக்க விளைவுகள் பல, குணமாவோரும் குறைவு. இன்று நிலைமை முற்றிலும் வேறு. சோபாஸ்புவிர், டக்ளாடாஸ்விர் என்னும் மாத்திரைகளை நாளொன்றுக்கு ஒரு வேளை, 12 வாரம் உட்கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு வைரசு அறவே நீங்குகிறது. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வெல்பாடாஸ்விர் சேர்ந்த மருந்து தரப்படும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் சோதித்து, வைரசு இல்லையெனில் குணம் என்று கொள்வர்.

சோபாஸ்புவிர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வார மருந்துக்கு 84,000 டாலர். 2014 செப்டம்பரில் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியபின் விலை பன்மடங்கு இறங்கியது. 2018 சூலை 28-ஆம் நாள், உலக ஹெபடைடிஸ் நாளில், தேசிய வைரசு ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் சி சோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் மாவட்டத்தில் 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சென்று, இத்திட்டத்தின் சிகிச்சை மையம் எது என்று கேட்டறியலாம். பணம் இல்லை என்பதால் இம்மருந்தை ஒருவர் இழக்க வேண்டிய காலம் போயிற்று.

சிறுநீரகமோ நரம்போ கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தால், வைரசு மருந்து மட்டும் போதாது. அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டும், நெறி பிறழ்ந்த எதிர்ப்புரதங்களை ஆக்கும் பி உயிரணுக்களைக் குறைக்க ரிட்டுக்சிமாப் என்னும் ஊசி மருந்தும் தரப்படும். உயிருக்கே இடர் நேரும் நிலையில் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை செய்வர்; அப்போதும் உடலுக்குள் செலுத்தும் நீர்மத்தை வெதுவெதுப்பாக்கியே செலுத்த வேண்டும். ரிட்டுக்சிமாபின் இந்தியத் தயாரிப்பை 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் கொண்டுவந்தது. வைரசு மருந்தோ ரிட்டுக்சிமாபோ தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி உள்ளதா என்று சோதிப்பது கட்டாயம்; இல்லையேல் உறங்கும் அத்தொற்று விழித்தெழக் கூடும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன், காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான மருந்துகள், அமிலம் குறைக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் மறையாது சொல்ல வேண்டும்.

நோன்பும் மருந்தும்

நம்மவர் என்னிடம் கேட்கும் ஐயங்கள் சில உள. இம்மாத்திரைகளை நோன்பு நாளில் என் செய்வது? சோபாஸ்புவிர், டக்ளாடாஸ்விர் இரண்டையும் உணவுடனோ உணவின்றியோ, நாளில் ஒரே வேளை உட்கொள்ளலாம். ஆதலின் கதிரவன் உதித்தபின் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம். இரவுண்ணா நெறிக்கு இம்மருந்து தடையாகாது. ஆனால் 12 வாரத்தில் ஒரு நாளும் விடலாகாது. நீரும் பருகாத உபவாசத்தை அந்த 84 நாள்களுக்கு அப்பால் தள்ளிவையுங்கள். சிறுநீரகம் தாக்கப்பட்டவர்க்கு நீரற்ற நோன்பு கேடு செய்யும். ஸ்டீராய்டு உட்கொள்வோர் அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே இடராகலாம்.

இன்னோர் ஐயம்: மருந்து எதிலிருந்து வருகிறது? மேற்சொன்ன வைரசு மருந்துகள் வேதியியல் முறையில் ஆக்கப்பட்ட மாத்திரைகள். ரிட்டுக்சிமாபோ, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வெள்ளெலி உயிரணுக்களிலிருந்து பெறப்படுவது. இதை மறைப்பது முறையன்று. அறிந்தபின் ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனச்சான்றின் பாற்பட்டது. எனினும், பெரும்பாலோர்க்கு வைரசு மருந்தே போதுமானது என்பதையும், காலம் தாழ்த்தத் தாழ்த்தவே ரிட்டுக்சிமாபின் தேவை எழுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். விரைந்து கண்டறிவதே இங்கு அகிம்சைக்கு நெருங்கிய வழி.

வினையும் நிமித்தமும்

வைரசு மருந்து தொடங்கும் நாளன்று அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்: "ஐயா, மதுவும் மாமிசமும் தொடாத குடும்பம் எங்களுடையது. இந்த நோய் வர நான் என்ன பாவம் செய்தேன்?" உற்றாரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள் என்றும் வேண்டிக்கொண்டார். தட்டையும் தம்ளரையும் தமக்கெனத் தனியே வைத்துக்கொண்டார். பேரக் குழந்தையைத் தூக்குவதையும் நிறுத்தியிருந்தார்.

துன்பம் அசாதா வேதநீய வினையின் பயன் என்று நம் ஆகமம் கூறும். அதை நான் மறுக்கவில்லை. ஆயின் வினை பயன் தருவதற்கு நிமித்தம் ஒன்று வேண்டும் என்பதும் நம் கொள்கையே. இங்கே நிமித்தம், சோதிக்கப்படாத இரத்தம். நம் நாட்டில் தானம் பெறும் இரத்தத்தை ஹெபடைடிஸ் சி-க்காகச் சோதிப்பது 2001-ஆம் ஆண்டிலேதான் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்ட எவர்க்கும் இது வந்திருக்கலாம். உண்ணும் உணவின் தூய்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நோயுற்றோரை நோக்கி வினையைச் சுட்டுவது அறமாகாது. வினைக்கோட்பாடு நம்மை முயற்சிக்குத் தூண்டுவதற்கே அன்றி, பிறரைப் பழிப்பதற்கன்று.

இந்த வைரசு இரத்தத்தோடு இரத்தம் கலப்பதால் பரவுகிறது: ஒருவர்க்குப் போட்ட ஊசியை மற்றவர்க்கும் பயன்படுத்துதல், முறையாகக் கிருமி நீக்காத பல் மருத்துவக் கருவி, பச்சை குத்தும் ஊசி, பொதுச் சவரக் கத்தி, டயாலிசிஸ் இடங்களில் கவனக்குறைவு. ஒரே தட்டில் உண்பதாலோ, தொடுவதாலோ, தழுவுவதாலோ, இருமலாலோ பரவாது. தாய் பேரக் குழந்தையைத் தூக்கலாம், சமையல் செய்யலாம், திருக்கோயிலில் எல்லோருடனும் அமரலாம். சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை மட்டும் பகிரலாகாது. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஒருமுறை குணமானாலும் மீண்டும் தொற்றலாம்.

கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் நீரை வடிகட்டிப் பருகுபவர்கள் நாம். அதே விழிப்பை ஊசிமுனையிலும் வைக்க வேண்டும். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் "ஓர் ஊசி போடுங்கள்" என்று நாமே கேட்டு வாங்கும் வழக்கத்தை விடுவோம். ஊசி இன்றியமையாததாயின், உறையைப் புதிதாகப் பிரிப்பதை நம் கண்ணால் காண்போம்.

நான்கு தானங்களுள் இரண்டு

நம் முன்னோர் தானத்தை ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காகப் பகுத்தனர். மருந்தை அவர்கள் எவ்வளவு மதித்தனர் என்பதற்குத் தமிழே சான்று. சமணப் புலவர்கள் இயற்றிய ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய நீதி நூல்கள் இரண்டும் மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. உடல் நோய்க்கு மருந்து போல உள்ள நோய்க்கு அறம் என்பது கருத்து.

மருந்தை அரசே இலவசமாகத் தரும் இந்நாளில் ஔடத தானத்துக்கு இடம் எங்கே என்று கேட்கலாம். இடம் மிகுதியாக உண்டு. மருந்து இருக்கிறது, அதை வேண்டியவர் தமக்கு அது வேண்டும் என்பதையே அறியாதிருக்கிறார். அவ்விடைவெளியை நிரப்புவதே இன்றைய ஔடத தானம். 2001-க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டோர், அக்காலத்தில் பெரிய அறுவை செய்துகொண்டோர், டயாலிசிஸ் பெறுவோர், முறைப்படி பயிலாதவரிடம் பலமுறை ஊசி போட்டுக்கொண்டோர் நம் குடும்பங்களில் யார் யார்? இவ்விழா முடிந்து இல்லம் சென்றதும் உங்கள் தாயிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்களை ஒரே ஒருமுறை ஹெபடைடிஸ் சி சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடுப்பு எடுக்க இயலாத மகனுக்காக அண்டை வீட்டார் உடன் செல்லட்டும். நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ முகாமில் இச்சோதனையையும் சேர்க்குமாறு பொறுப்பாளர்களை வேண்டுகிறேன்.

அபய தானமோ இன்னும் எளிது, செலவே இல்லாதது. நோயுற்றவரின் தட்டைத் தனியே வைக்காதிருத்தல், அவர் சமைத்ததை உண்ணுதல், அவர் மடியில் குழந்தையை அமர்த்துதல். அவர்தம் அச்சத்தைப் போக்குவதும் ஒரு தானமே.

அந்த அம்மையாரின் கதையை முடித்துச் சொல்கிறேன். பன்னிரண்டு வாரம் மருந்து உட்கொண்டார். காலில் இருந்த புள்ளிகள் மறைந்தன, மூட்டுவலி நீங்கியது, பின்னர் நடந்த சோதனையில் வைரசு இல்லை. ஆனால் பாதத்தின் எரிச்சல் குறைந்ததே அன்றி முற்றும் தீரவில்லை. சிறுநீரில் புரதம் இன்றும் சிறிது கசிகிறது. இரத்த அழுத்த மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியுள்ளது. வைரசு நீங்கிய பின்னும் சிலரிடம் இப்புரதம் ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஆதலால், அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருகிறார். வீணாகிய அந்த மூன்று ஆண்டுகளின் விலை அது. அதில் என் களிம்புச் சீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்வதே இவ்வுரையை ஆற்ற நான் உடன்பட்டதன் காரணம்.

சென்ற விழாவில் அவர் தம் பேரக் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்திருந்தார். நம் குடும்பங்களில் இன்னொரு தாய்க்கு அந்த மூன்று ஆண்டுகள் நேராதிருக்கட்டும்.

அறம் வளர்க, அகிம்சை ஓங்குக. அனைவருக்கும் ஜெய் ஜினேந்திரா.